நீ கோழியிடம் சொன்னதெல்லாம்

இன்று காலை மருமகள் பரணிலிருந்து என் பழைய பேர்ஷியாப் பெட்டியை இறக்கிப் போட்டாள். பழைய சாமான் எடுக்கிறவன் சைக்கிளோடு வாசலில் காத்து நின்றான். உள்ளே ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கத்தான் மூடியைத் திறந்தேன். அந்தக் காலத்தில் அந்தப் பெட்டியைத் திறந்தால் அத்தரும் சோப்பும் புதுத் துணியும் கலந்து ஒரு வாசனை வரும். அதற்காகவே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சுற்றி நிற்பார்கள். இன்றைக்கு வந்தது அது இல்லை. காய்ந்த வைக்கோலும் கோழியும் கலந்த வாடை. மூலையில் ஒரு வெள்ளை இறகு ஒட்டிக் கிடந்தது, நுனியில் மை தெறித்த மாதிரி ஒரு கறுப்புப் புள்ளியோடு.

"என்னவாக்கும் மாமா இப்பிடி நாறுது?" என்று மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஒனக்க அத்தைக்க கூட்டாளி," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. பெட்டியைக் கொடுப்பதற்கில்லை என்று சொல்லி வந்தவனைத் திருப்பி அனுப்பினேன். பிறகு கட்டிலில் உட்கார்ந்து அந்தப் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்தேன். பாலைவனத்தில் வேர்வை சிந்தி வாங்கியது நான். சுமந்து கொண்டுவந்தது நான். இத்தனை வருஷம் கழித்து அதற்குள் யாருடைய வாடை இருக்கிறது பார். எனக்கு வயிறு எரிந்தது. இந்த வயதில், செத்துப்போன ஒரு கோழிமேல்.

பேர்ஷியா என்று ஊரில் சொல்லுகிற வளைகுடா நாட்டில் ஒரே அறையில் கிடந்த எங்கள் ஒவ்வொருவருக்கும் ஊரில் ஒரு ஆளைப் பற்றிப் பயம் இருந்தது. ஒருவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன், ஒருவனுக்கு பஸ் கண்டக்டர், இன்னொருவனுக்குச் சொந்தத் தம்பி. எனக்கு அப்படி யாரும் இல்லை. உன்மேல் அந்தச் சந்தேகம் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனாலும் அவர்கள் எல்லோரையும்விட நான்தான் அதிகம் வெந்தேன். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நீ உயிரோடு இருந்தபோது உன்னிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நீ அதையும் போய் அந்தக் கோழியிடம்தான் சொல்லியிருப்பாய்.

நமக்குக் கல்யாணம் ஆனபோது இந்தப் பத்து சென்ட் நம் பேருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அதுவரை பெரிய வீட்டுக்காரர்களின் தென்னந்தோப்பு மூலையில் ஓலைப்புரை கட்டிக் கிடந்தவர்கள் நாங்கள். நிலச் சட்டம் வந்து, அடுத்தவன் நிலத்தில் குடியிருக்கிற குடிகிடப்புக்காரனுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று பட்டயம் கைக்கு வந்தபோது, அப்பா நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டு ஒவ்வொரு கல்லையும் காலால் உதைத்துப் பார்த்தார். உன் வீடு ஆரியங்கோட்டுப் பக்கம். அங்கேயும் இதே கதைதான். வந்த புதிதில் ஒரு நாள் நீ சொன்னாய்: ஓணம் வந்தால் தோப்புக்காரரின் காரியஸ்தன் உங்கள் முற்றத்துக்கு வந்து, இருப்பதில் கொழுத்த கோழியாகப் பார்த்துக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போவானாம். நீ வளர்த்த ஒரு கோழியும் கிழடாகிச் செத்ததில்லை என்றாய். நான் 'உம்' என்று சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கல்யாணத்துக்கு வாங்கிய செருப்பு தேயும் முன்னால் விமானம் ஏறியாயிற்று.

நான் போன பிறகுதான் அது வந்தது. பிளாக் ஆபீசில் பெண்களுக்குக் கலப்பினக் கோழி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நெய்யாற்றின்கரைக்குப் போய்க் கூடையில் வாங்கி வந்தாய். வெள்ளை லெகான் ஒரு பக்கத்துச் சொந்தம், கறுப்பு ஆஸ்திரலார்ப் இன்னொரு பக்கத்துச் சொந்தம் என்று கால்நடை டாக்டர் சொன்னாராம். ஊரில் எல்லோரும் சர்க்கார் கோழி என்றார்கள். நீ வெள்ளச்சி என்று பேர் வைத்தாய். நாட்டுக்கோழி கொஞ்ச நாள் முட்டை இட்டால் அடை உட்கார்ந்துவிடும், பிறகு குஞ்சுகளோடு அலையும். இது அப்படி இல்லை. இட்டுக்கொண்டே இருக்கும். அடைக்கு உட்காருகிற எண்ணமே அதன் ரத்தத்தில் கிடையாது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. கோழி என்றால் குஞ்சு பொரிக்க வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு.

அம்மா எதையும் உன்னிடம் நேராகச் சொல்லமாட்டாள். பூனையிடம் சொல்லுவாள். நம் பக்கத்தில் அது வழக்கம்தானே. மருமகளுக்குள்ளதைப் பூனையிடமும், பக்கத்து வீட்டுக்காரிக்குள்ளதை வேலியில் நிற்கிற முருங்கையிடமும், எழுந்து போகாத விருந்தாளிக்குள்ளதை மடியில் கிடக்கிற குழந்தையிடமும் சொல்லுவார்கள். கேட்க வேண்டிய ஆளுக்குக் கேட்டுவிடும். முகம் முறியாது, சண்டையும் வராது. அம்மா பூனையிடம் பேசினால் அது யாருக்கு என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். இதை நீ நினைவில் வைத்துக்கொள். கடைசியில் இதற்கு வருவேன்.

அப்போதெல்லாம் கடிதத்தைவிடக் கேசட் நல்லது என்று ஆகியிருந்தது. லீவில் வந்த ஒருவன் கையில் நான் ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்துவிட்டேன். நீங்கள் பேசிப் பதிந்து, திரும்பி வருகிறவன் கையில் கொடுத்து அனுப்புவீர்கள். முதலில் அப்பா இருமிவிட்டு மழையையும் தேங்காயையும் பற்றிச் சொல்லுவார். பிறகு அம்மா அழுவாள். பிறகு, "எட்டி, நீயும் ரெண்டு வார்த்த பறஞ்சு குடு," என்று அம்மாவின் குரல். கொஞ்ச நேரம் வெறும் டேப் ஓடும். அப்புறம் நீ: "இஞ்ச எல்லாரும் சுகமாக்கும். நீங்க ஒடம்ப நோக்கணும்." பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்தால் பிள்ளைகள் ஒப்பிப்பார்களே, அந்தக் குரல். அதோடு சரி. அந்த ரெண்டு வரிக்காக மாசக்கணக்கில் காத்திருந்திருப்பேன்.

ஒரு தடவை டேப்பை நிறுத்த மறந்துவிட்டீர்கள். அப்பாவும் அம்மாவும் எழுந்து போகிற சத்தம் கேட்டது. பிறகு கோழி கொக்கரிக்கிற சத்தம். பிறகு உன் குரல். உன்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

"வந்தியா? வா, இஞ்ச வா. ஏன் தின்னாமக் கெடக்க? ரெண்டு நாளா ஒண்ணும் எறங்கல்ல, இல்லியா? ஒறக்கமும் இல்ல. இப்பிடிக் கெடந்தா ஒடம்பு என்னத்துக்காவும்? நீ தின்னியா தின்னல்லியான்னு ஆருக்குத் தெரியும்? ஆருட்டப் போயிப் பறைய?"

அறையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். விளவங்கோட்டுக்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே, "எலே மக்கா, உனக்க வீட்டுக் கோழிக்கு உள்ள யோகம் உனக்கு இல்லியே," என்றான். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாளிலிருந்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டேன். கட்டிட வேலையில் கம்பி வளைத்து வளைத்துக் கை வெந்துபோய்க் கிடந்த காலம் அது. என் கையைப் பற்றி யாரும் அந்தக் குரலில் கேட்டதில்லை. ஒரு பறவை ரெண்டு நாள் தவிடு தின்னாததற்கு இவ்வளவா என்று இருந்தது. அடுத்த கேசட்டில் பேசி அனுப்பினேன்: "அந்தக் கோழி தின்னாமக் கெடந்தா வித்துப் போடுங்க. தின்னாத்த கோழிய வச்சு என்ன செய்ய?" அதற்குப் பிறகு வந்த கேசட்டில் நீ பேசவில்லை. உனக்குத் தொண்டைக்கட்டு என்று அம்மா சொன்னாள்.

முதல் லீவுக்கு நான் அம்பாசடர் காரில் வந்து இறங்கியபோது முற்றம் நிறைய ஆள். எல்லோரும் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள், தோளைத் தொட்டுப் பார்த்தார்கள், மெலிந்துவிட்டேன் என்றார்கள். நீ அடுக்களைக் கதவுக்குப் பின்னால் கக்கத்தில் அந்தக் கோழியை இடுக்கிக்கொண்டு நின்றாய். உன் விரல் அதன் கழுத்து இறகைக் கோதிக்கொண்டே இருந்தது. என்னைத் தொடாத ஒரே ஆள் நீதான். அந்த விரலையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டு நான் பிஸ்கட் பொட்டலங்களைப் பிரித்தேன்.

பார்க்க நல்ல கோழிதான், அதை நான் மறுக்கவில்லை. வெள்ளை உடம்பில் அங்கங்கே கறுப்புப் புள்ளி, ஒரு பக்கம் சரிந்த சிவந்த கொண்டை, நடையில் சர்க்கார் உத்தியோகஸ்தரின் தோரணை. உன் பின்னாலேயே கிணற்றடிக்கு வரும், உன் பின்னாலேயே விறகுப் புரைக்குப் போகும். நீ மீன் வெட்ட உட்கார்ந்தால் எதிரில் உட்காரும். நான் உன் பக்கத்தில் வந்து நின்றால் என் காலைக் கொத்தும். விரட்டினால் உன் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்க்கும். காலையில் எனக்கு முட்டை அவித்து வைப்பாய். வைத்துவிட்டு, "வெள்ளச்சி இட்டதாக்கும்," என்பாய். அவித்தது நீ, தோலுரித்தது நீ, பேர் மட்டும் அதற்கு.

கொண்டுவந்த சாமான் எல்லாம் சொந்தக்காரர்களுக்குப் போய்ப் பெட்டி காலியான வாரத்தில், ஒரு நாள் பார்த்தால் அது பெட்டிக்குள் வைக்கோல் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

"இதுக்கு வேற எடம் கிடைக்கல்லியா?" என்றேன்.

"எறக்கி விட்டாலும் கேறிப் போவுது. நான் என்ன செய்ய?" என்றாய் தரையைப் பார்த்து. பிறகு கோழியின் பக்கம் திரும்பி, அந்த இன்னொரு குரலில், "நல்லா இருந்துக்க. நீ இருக்கியது வர பெட்டிய ஆரும் தூக்கிட்டுப் போவ ஏலாது," என்றாய். ஒரு பெட்டிக்காக நீ கோழியோடு சேர்ந்துகொண்டு என்னோடு வழக்காடுவதாக நினைத்தேன்.

அந்த லீவில் புது வீடு பாதி எழும்பி நின்றது. நாம் எல்லோரும் பழைய ஓலைப்புரையில் ஒரே கூரைக்குக் கீழே. பகலில் புருஷனும் பெண்சாதியும் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் நம் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. என்னோடு படித்த ஒருவன் பாறசாலையில் ஹாலோபிரிக்ஸ் தொழில் தொடங்கப் போவதாகவும், கூட்டுச் சேர வேண்டும் என்றும் வந்து கேட்டான். எங்கே பார்த்தாலும் பேர்ஷியாக்காரர்களின் வீடு முளைத்துக்கொண்டிருந்த நேரம், கல்லுக்குக் குறைவில்லாமல் ஆள் வரும். எனக்கு நிற்க ஆசை. ஆனால் மனசுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 'போகவேண்டாம்' என்று உன் வாயால் ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு நின்றுவிடுவேன். நானாகக் கேட்கமாட்டேன். கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது.

அந்த லீவு முழுக்க எனக்கு அந்த வார்த்தையைத் தவிர வேறு நினைப்பு இல்லை. நீ சோறு வைக்கும்போது பார்ப்பேன். வேட்டி துவைத்துக் கொண்டுவரும்போது பார்ப்பேன். உன் வாய் திறக்கும், "கூட்டான் போதுமா?" என்று கேட்கும், மூடிக்கொள்ளும்.

கோழியிடம் மட்டும் உனக்குப் பேச்சு குறையவே இல்லை. ஒரு நாள் அம்மா பூனைக்கு மீன் முள்ளைப் போட்டுவிட்டு, "கேட்டியா பூனே, இந்த வீட்டுல கோழியும் பொரிக்காது, ஒண்ணும் பொரிக்காது," என்றாள். அது உனக்கு என்று எனக்குப் புரிந்தது. எழுந்து போய் அம்மாவைச் சத்தம் போடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் நீ வெள்ளச்சிக்குத் தவிடு பிசைந்துகொண்டே அதனிடம் சொன்னாய்: "ஒத்தைக்குக் கெடந்தா குஞ்சு எங்க இருந்து வரும்? உனக்க மேல என்ன குத்தம்?" நம் வீட்டில் சேவல் இல்லை என்பதைச் சொல்கிறாய் என்று நான் எடுத்துக்கொண்டேன். சந்தையில் ஒரு சேவல் பார்க்கட்டுமா என்றுகூடக் கேட்டேன். நீ எழுந்து உள்ளே போய்விட்டாய்.

பிறகு அந்த மத்தியானம். பலாமரத்தடியில் கயிற்றுக்கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தேன், உறங்கவில்லை. நீ கூப்பிடு தூரம்கூட இல்லை, கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்து கீரைத் தண்டை அரிந்து அதற்குப் போட்டுக்கொண்டிருந்தாய். வேலி ஓட்டை வழியாக அடுத்த தோப்புக்குப் போகிற புத்தி அந்தக் கோழிக்கு உண்டு.

"போவாத, கேட்டியா," என்று தொடங்கினாய். "எங்க போற? இஞ்ச உனக்கு என்ன கொற? உள்ளது போதும். அங்க போனா தல வலிச்சா ஆரு நோக்குவா? குடிக்க ஒரு வெள்ளம் சூடாக்கித் தர ஆரு உண்டு? நான் ஒண்ணும் கேக்கல்ல. வளையல் வேண்டாம், சீல வேண்டாம். இஞ்ச தன்ன கெட. எனக்கு அது போதும்."

உன் குரல் கடைசியில் உடைந்தது. கண்ணை மூடிக் கிடந்த எனக்குள் தீப்பிடித்தது. நான் மாசக்கணக்காகக் காத்துக் கிடக்கிற வார்த்தை, முழுசாக, அழுகையோடு, ஒரு கோழிக்குக் கிடைக்கிறது. வேலி தாண்டினால் அடுத்த தோப்பு. கடல் தாண்டுகிறவனுக்கு ஒரு சொல் இல்லை. புரண்டு படுத்தேன். நீ பேச்சை நிறுத்திவிட்டு என் பக்கம் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பாறசாலைக்குப் போய் அந்தக் கூட்டாளியிடம் எனக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பேர்ஷியாவுக்குத் திரும்புகிறவனுக்கு முந்தின நாள் கோழி அறுத்து விருந்து வைக்க வேண்டும். "மோன் போவும்போ ஒரு கோழி அறுக்கண்டாமா?" என்று அம்மா கேட்டாள். கண் வெள்ளச்சிமேல் இருந்தது. "அதுக்கென்ன, அதையே அறுங்க," என்றேன். அந்த லீவில் நீ என் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். கூடையைக் கவிழ்த்து அதைப் பிடித்து, "நான் கொண்டு போயி அறுத்துட்டு வாறேன்," என்று இறங்கிப் போனாய். வெகு நேரம் கழித்து, வாழையிலையில் பொதிந்த இறைச்சியோடு வந்தாய். தேங்காய் வறுத்தரைத்த குழம்பு. ரெண்டு தடவை கேட்டு வாங்கித் தின்றேன்.

"கொள்ளாமா?" என்று கேட்டாய்.

"நல்ல ருசி," என்றேன். அந்த ருசியில் பாதி ஜெயித்த ருசி.

மறுநாள் கார் வந்து நின்ற பிறகு பெட்டியை எடுக்கப் போனேன். பெட்டிக்குள் அது உட்கார்ந்திருந்தது. கொண்டை சரிந்து, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டு. நான் தின்றது ஆரியங்கோட்டில் உன் அம்மா வீட்டுச் சேவல் என்பது அப்புறம் தெரிந்தது. அதன் உயிரைக் காப்பாற்ற நீ ரெண்டு பஸ் மாறிப் போய் வந்திருக்கிறாய். சட்டை துணியை ஒரு அட்டைப்பெட்டியில் திணித்துக் கயிறு கட்டிக்கொண்டு நான் காரில் ஏறினேன். நீ கோழியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாய். கார் திரும்பும்போது உன் உதடு அசைந்தது. என்னைப் பார்த்து இல்லை, அதன் தலைக்குமேல்.

அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம். இடையில் லீவு, மகன் பிறந்தான், அப்பாவும் அம்மாவும் போனார்கள், வீட்டுக்கு மாடி ஏறியது. எல்லாம் நடந்தது, நான்தான் இல்லை. வெள்ளச்சி செத்ததை நீ ஒரு கேசட்டில் சொன்னாய்: "அது கெழடாயி, தானாச் செத்துது. ஆரும் அறுக்கல்ல." உன் குரலில் வருத்தம் உண்டு, ஆனால் அதற்கு அடியில் ஒரு நிறைவும் இருந்தது. எனக்கோ பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அடுத்த லீவுக்கு வந்தால் அதே இனத்தில் இன்னொன்று. அதற்கும் வெள்ளச்சி என்றுதான் பேர்.

எல்லாம் முடித்துக்கொண்டு வந்து நாம் சேர்ந்து இருந்த காலத்தில் ஒரு நாள், என்னவோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்: "அப்பம் நீ ஒரு வார்த்த பறஞ்சிருந்தா நான் போயிருக்கமாட்டேன்."

நீ தவிடு புடைத்துக்கொண்டிருந்தாய். "பறஞ்சேனே," என்றாய்.

"எப்பம் பறஞ்ச?"

"நித்தமும் பறஞ்சேன்."

"எனக்கு அப்பிடி ஒரு ஓர்ம இல்ல," என்றேன். சண்டைக்கு வருவாய் என்று பார்த்தேன். நீ முறத்தைத் தட்டிவிட்டு, "பா, பா," என்று கோழிகளைக் கூப்பிட்டாய். ஓடி வந்த கோழிகளைப் பார்த்துச் சிரித்தாய், கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாய். என்னை வைத்துத்தான் சிரிக்கிறாய் என்று எனக்குக் கோபம். அன்றைக்கு முழுக்க உன்னோடு பேசவில்லை.

போன மழைக்காலத்தில் நீ போனாய். இதே பத்து சென்டில், தெற்குப் பக்கம், நம் வழக்கப்படி. பட்டயம் வருவதற்கு முன்னால் நம் ஆட்களைப் புதைக்கவும் தோப்புக்காரரிடம்தான் போய்க் கேட்க வேண்டும். உனக்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தலைமாட்டில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தோம். நீ விட்டுப்போன கோழிகள், பஞ்சாயத்தில் கொடுத்த இந்தக் காலத்துக் கலப்பினம், காலையில் கூட்டைத் திறந்தால் நேராக அங்கேதான் போகின்றன. புது மண்ணில் புழு கிடைக்கும், அதற்காகப் போகின்றன என்று மகன் சொல்கிறான். இருக்கலாம். நான் பல் தேய்த்து, முகம் கழுவி, வேட்டி மாற்றிக்கொண்டு உன்னிடம் வருவதற்குள் அவை வந்து நின்றுகொண்டிருக்கும். கல்லெடுத்து விரட்டுவேன். இங்கேயும் எனக்கு முன்னாலேயா?

இனி இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெட்டியைப் பார்த்து மனசு கெட்டுப்போய் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. நேரம் சாய்ந்தபோது ஒரு சாயா குடித்தால் தேவலை என்று இருந்தது. மருமகள் நல்லவள். ஆனாலும் நேரம் தவறிக் கேட்க எனக்கு ஒரு தயக்கம். அடுக்களைப் படியில் உட்கார்ந்திருந்தேன். காலடியில் ஒரு கோழி வந்து நின்றது. என்னையறியாமல் வாயில் வந்தது: "என்ன நோக்குற? உனக்கும் வெள்ளம் தாகமா? ஒரு சாயா கிட்டினா கொள்ளாம். கேட்டா என்ன நினைப்பினுமோ என்னமோ."

உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மருமகள் கிளாஸோடு வந்தாள். "கோழிக்குச் சாயா கொண்டாந்தாச்சு மாமா. சீனி கொறச்சுத்தான் போட்டிருக்கு," என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

நான் வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை. கிளாஸ் கையைச் சுட்டுக்கொண்டே இருந்தது.

கோழிக்குத் தல வலிக்குமா? கோழி வளையலா கேட்கும்? ரெண்டு நாளாகத் தின்னாமல், உறங்காமல் கிடந்தது யார்? பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க வேண்டும் என்று இருந்தது யாருக்கு? ஒத்தைக்குக் கிடந்தது யார்? அம்மா பூனையிடம் சொன்னதெல்லாம் யாருக்கு என்று எனக்குத் தெரிந்தது. ஊரில் யார் முருங்கையிடம் பேசினாலும் அது யாருக்கு என்று என்னால் சொல்ல முடியும். என் பெண்சாதி என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் காதில் விழுகிற மாதிரி, நித்தமும் சொன்னதை மட்டும் நான் கோழிக்கு என்று எழுதி வைத்துவிட்டேன். பொறாமையில் வெந்தவனுக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. தின்னாத கோழியை விற்றுப்போடுங்கள் என்றேனே. தொண்டைக்கட்டு என்று நீ ஒதுங்கிக்கொண்டாயே.

நித்தமும் பறஞ்சேன் என்று நீ சொன்னது சத்தியம். நீ அப்படிச் சிரித்ததும் நியாயம்தான்.

பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. வார்த்தை எனக்குத்தான் என்று இப்போது தெரியும், ஆனால் அந்த வார்த்தைக்கு எதிரில் கொண்டை சரிய உட்கார்ந்து கேட்டது அதுதானே. உன் கண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டது அது. உன் விரல் அதன் கழுத்தில்தானே இருந்தது. வேலி தாண்டிப் போனாலும் பொழுது சாயும் முன்னால் திரும்பி வந்தது. நான் கடல் தாண்டிப் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் லீவுக்கு அல்லாமல் வரவில்லை. என்னைவிட அது சொன்னபடி கேட்டது. இந்த வயிற்றெரிச்சலை நான் போகும்போதும் கொண்டுதான் வருவேன், நீ சிரித்துக்கொள்.

சாயாவை ஆறவிட்டுக் குடித்துவிட்டுத் தெற்குப் பக்கம் வந்தேன். ஒரு கோழி உன் தென்னம்பிள்ளையடியில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. கல்லெடுக்கவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். அது விலகி நின்று, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தது.

"இந்தா, கேட்டியா," என்றேன் அதனிடம். "நான் இனி எங்கயும் போவல்ல. இஞ்ச தன்ன கெடப்பேன். எனக்கு அது போதும்."

அது கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மறுபடி மண்ணைக் கிளறப் போய்விட்டது. அதற்குச் சொன்னதில்லை என்று உனக்குத் தெரியும்.